சங்குக்குள் ஒரு சில்வண்டு

ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு, மருத்துவமனையிலிருந்து திரும்பிக் கைகால் கழுவி, சட்டையை மாற்றிய பிறகு, செவிப் பரிசோதகர் ஓர் இசைத்தட்டைக் கேட்பார். ஒன்றுதான், இரண்டல்ல. எதைக் கேட்பது என்று முடிவு செய்ய அலமாரியின் முன் அவர் நிற்கும் நேரத்தில் ஒரு வேளைச் சமையலே முடிந்துவிடும் என்பது அவர் மனைவியின் கணக்கு. விரல்நுனி அட்டைகளின் முதுகை வருடிக்கொண்டே போகும். ஏதோ ஒன்றில் நிற்கும். உறையிலிருந்து தட்டை உருவி, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் தாங்கி, வெல்வெட் துடைப்பானால் மும்முறை துடைத்து, ஊசியை இறக்கிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொள்வார். பகல் முழுவதும் பிறர் காதுகளுக்கு ஊழியம் செய்த களைப்பு, தோள்களிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் படுத்துக்கொள்ளும்.

அவர் கேட்பது சைகடெலிக் ராக். தலைமுடியை நீளமாக வளர்த்த இளைஞர்கள், கிடாரின் ஒலியைப் பாகுபோல் இழுத்தும், நாடாவைப் பின்னோக்கி ஓட்டியும், ஆர்கனில் ஒரே சுரத்தைக் கால் மணி நேரம் பிடித்துவைத்தும் அரை நூற்றாண்டுக்கு முன் செய்த இசை. அதன் பேரப்பிள்ளைகளாக இன்றும் சில சிறுகுழுக்கள் உண்டு. பெரிய கம்பெனி எதன் தயவும் இல்லாமல், கார் நிறுத்தும் கொட்டகையில் நாலு பேர் கூடிப் பதிவுசெய்து, முந்நூறு பிரதி மட்டும் போட்டு, அட்டைக்குத் தாங்களே கையால் சாயம் தீட்டி அனுப்புவார்கள். இரண்டிலும் அவருக்கு உயிர். இந்த இசையில் பிழை என்று எதுவும் கிடையாது என்பார். பாடுகிறவர் இருமினால் அதுவும் பாட்டு. கதவு கிறீச்சிட்டால் அதுவும் பாட்டு. அந்தத் தாராள மனந்தான் இளமையில் அவரை அதன் காலடியில் வீழ்த்தியது.

"என்னங்க, இது பாட்டா? இல்ல வாஷிங் மெஷின் ரிப்பேரா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பார்.

"கொஞ்சம் பொறு. இப்ப ஆர்கன் வரும்."

"வரட்டும். வந்தா உட்காரச் சொல்லுங்க, டீ தரேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஆர்கன் வந்தது. வந்த வழியே போயிற்று. பாட்டு அடங்கி, ஊசி தட்டின் நடுவிலுள்ள கடைசி வளையத்தை அடைந்தது. எந்தத் தட்டிலும் அந்த வளையத்தில் இசை இராது. ஊசி வெறுமனே சுற்றும். சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒரு சிறு ஓசை, தூரத்தில் யாரோ நாக்கைத் தட்டுவதுபோல. அந்த ஓசையைச் சில நிமிடம் கேட்டுவிட்டு எழுந்து ஊசியைத் தூக்குவது அவர் வழக்கம். அன்று அவர் எழவில்லை. அன்று அது சுற்றுக்கு ஒருமுறை வரவில்லை.

டொக் டொக் டொக். ஓர் இடைவெளி. டொக் டொக்.

கண்ணைத் திறந்தார். தட்டு சீராகச் சுழன்றுகொண்டிருந்தது. ஊசி அசையாமல் வளையத்தில் நின்றது. தட்டில் கீறல் இல்லை. இருந்தாலும் கீறல் ஒரே இடத்தில் ஒரே மாதிரிதான் குதிக்குமேயன்றி, மூன்று குதித்து, மூச்சுவிட்டு, இரண்டு குதிக்காது. முப்பது ஆண்டுகளாகக் காதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது தெரியாதா? எழுந்துபோய் ஊசியைத் தூக்கினார்.

"யாராவது கதவைத் தட்டுனாங்களா?" என்று உள்ளே கேட்டார்.

"இல்லையே. தட்டுனா இந்தச் சத்தத்துல கேட்கவா போகுது?"

மறுநாள் ஊசியை மாற்றினார். அதற்கு மறுநாள் வேறு தட்டு. வெள்ளிக்கிழமை, அன்றுதான் தபாலில் வந்த புதிய தட்டு. பிரிக்காத உறையிலிருந்து காயாத சாயத்தின் வாடை அடித்தது. எங்கோ நாலு இளைஞர்கள் ஒரு குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் அமர்ந்து செய்த இசை. கிடார், மழை நின்ற பின் ஓட்டிலிருந்து சொட்டும் நீர்போல் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. இவ்வளவு நல்ல தட்டை நெடுநாளாகக் கேட்டதில்லை என்று நெகிழ்ந்தார். அது முடிந்தது. ஊசி கடைசி வளையத்துக்குள் வழுக்கிற்று.

டொக் டொக் டொக். டொக் டொக்.

இம்முறை ஓசை சற்று அருகில் இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவி, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உங்க தங்கச்சி நினைவு நாள் அடுத்த வாரம் வருது. வருஷா வருஷம் மாப்பிள்ளைதான் நம்மளத் தேடி வர்றார். இந்தத் தடவையாவது நீங்க ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்றேன்" என்றார். தட்டிலிருந்த சாப்பாடு அப்படியே இருந்தது.

*

மருத்துவமனையில் அவருடைய இடம் மாடிப்படிக்குக் கீழே, நடைபாதையின் கோடியில் இருந்தது. வெளியறையில் மேசையும் பரிசோதனைக் கருவியும். சுவருக்கு அப்பால் ஒலி புகாத சிற்றறை. இரண்டுக்கும் இடையே இரட்டைக் கண்ணாடி ஜன்னல். சிற்றறையின் சுவரெல்லாம் கறுத்த நுரைப்பஞ்சு முக்கோணம் முக்கோணமாகத் துருத்தி நிற்கும். ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு மங்கல் விளக்கு, அவ்வளவுதான். காது கேட்காதவர்கள் உள்ளே அமர்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ள, அவர் வெளியிலிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவார். கேட்டால் அவர்கள் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவர் மேசையில் ஒரு சிறு பச்சை விளக்கு எரியும். உள்ளே பேசுவது மைக் வழியாக அவருடைய ஹெட்ஃபோனுக்கு வரும். கனத்த கதவின் விளிம்பில் நாலு திருகாணித் துளைகள் இருந்தன. எவ்வளவு சாயம் பூசியும் முழுசாக மறையவில்லை. முன்பு அங்கே ஒரு தாழ்ப்பாள் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைக் கழற்றிவிட்டார்கள். இப்போது காந்தம் மட்டுமே. ஒரு குழந்தை தள்ளினாலும் கதவு திறந்துகொள்ளும்.

திங்கட்கிழமை முதலாவதாக வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். எஞ்சின் பக்கமே உட்கார்ந்து இடது காது மந்தமாகிவிட்டது என்றார். பரிசோதகர் இன்னும் எந்த ஒலியையும் அனுப்பவில்லை; பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். பச்சை விளக்கு எரிந்தது.

மூன்று முறை. பிறகு இரண்டு முறை.

"ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கல" என்றார் மைக்கில்.

"அப்படியா? சத்தம் வந்துச்சே சார்."

"என்ன சத்தம்?"

"தட்டுற சத்தம். யாரோ கதவைத் தட்டுறாங்கல்ல?" ஓட்டுநர் சிரித்தார். "அவசரமா யாராவது இருந்தா முதல்ல பாத்துடுங்க சார். நமக்கு டூட்டி மத்தியானம்தான்."

"வெளியில யாரும் இல்லையே."

"வெளியில இல்ல சார்." ஓட்டுநர் தலையைத் திருப்பித் தம் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, இறங்க மறந்துபோனதுபோல. "உள்பக்கமா."

அடுத்து வந்த ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. பொத்தானை மட்டும் அழுத்தினார். மூன்று, இரண்டு. நாலு வயதுச் சிறுமி ஒருத்தி பொத்தானைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு தன் தாயிடம் ஓடி வந்தாள். பரிசோதகர் கருவி பழுதுபார்ப்பவரை வரவழைத்தார். அவர் பின்மூடியைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டினார்.

"மெஷின் கல்லு மாதிரி இருக்கு சார். நீங்கதான் ரொம்ப வாடிப் போயிருக்கீங்க. நாலு நாள் லீவு போட்டுத் தூங்குங்க."

தூங்கத்தான் அவருக்கும் ஆசை. தலையணையில் காதை வைத்தால் தலையணைக்குள் அது கேட்டது.

*

அந்தத் தட்டல் யாருடையது என்று அவருக்கு முதல் நாளே தெரியும். தெரியாததுபோல் ஊசியை மாற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. சிறு வயதில் அவர்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அவள் உள்ளிருந்து மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டுத் தட்டுவாள். அண்ணன் எங்கே இருந்தாலும் ஓடிவந்து கதவை உலுக்கித் திறந்துவிட வேண்டும். அது இருவருக்கும் மட்டுமான ஏற்பாடு. வளர்ந்த பின் அண்ணனின் இசைத்தட்டுகள் தங்கைக்கும் பைத்தியமாயின. அவளை மணந்தவர் ஒரு மின்தூக்கி மெக்கானிக், கிடாரும் வாசிப்பார். மூவருமாகச் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். அவள் பாட, கணவர் கிடார் வாசிக்க, அண்ணன் நாடாப் பதிவையும் எதிரொலிப் பெட்டியையும் கவனித்துக்கொள்வார். கேட்பதற்கு அவர்களையும் அண்ணனின் மனைவியையும் தவிர யாருமில்லை. ஆனாலும் அது குழுதான்.

அவள் கட்டிய கடைசிப் பாட்டு ஒரு கதை. ஒரு சில்வண்டு இருந்ததாம். அதன் குரல் அதற்கே போதவில்லையாம். கரையில் கிடந்த ஒரு சங்குக்குள் புகுந்து பாடிப் பார்த்ததாம். குரல் பத்தாகிப் பத்து நூறாகிச் சுழன்றதாம். மகிழ்ச்சியில் உள்ளே உள்ளே போய், திரும்பும் வழி தெரியாமல், 'விடுங்கள், விடுங்கள்' என்று கத்தியதாம். வழியில் போன ஒருவன் சங்கை எடுத்துக் காதில் வைத்து, 'ஆகா, கடலின் இசை எவ்வளவு இனிமை' என்று சொல்லி, வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைத்தானாம். இந்தக் கதைக்கு அவள் அமைத்த தாளம், பழைய குளியலறைத் தாளம். மூன்று தட்டு, இரண்டு தட்டு.

அதைப் பதிவுசெய்ய ஒரு விடுமுறை நாளில் மருத்துவமனைச் சிற்றறைக்கு வந்தார்கள். இருட்டில் பாடினால்தான் நன்றாக வரும் என்று குட்டி விளக்கை அணைக்கச் சொன்னாள். கதவு சரியாகப் பொருந்தாமல் அடிக்கடி விலகியதால் அவள் கணவர் வெளியே தாழ்ப்பாளைப் போட்டார். அறுந்த கிடார்க் கம்பிக்கு மாற்று வாங்கப் போனவர், குட்டியின் ஆஸ்துமாவுக்கான இழுப்பு மருந்து தம் சட்டைப் பையில் இருப்பதை மறந்தார். அரை மணியில் திரும்பி வந்து தாழ்ப்பாளைத் திறந்தபோது, கதவில் சாய்ந்திருந்த அவள், உயிரின்றி அவர் மேலேயே சரிந்தாள்.

அண்ணன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? எல்லோரிடமும் சொன்னது: கைகழுவப் போய் அப்போதுதான் திரும்பினேன், நாடா ஓடவில்லை, எதுவும் கேட்கவில்லை.

நாடா ஓடியது. அவர் எங்கும் போகவில்லை. பாட்டு முடிந்தது, அவள் மூச்சிரைத்தாள். எதிரொலிப் பெட்டியில் அந்த மூச்சு அலையலையாக விரிந்து கடலாயிற்று. அதன்மேல் தட்டல் தொடங்கிற்று. மூன்று, இரண்டு. என்ன அற்புதமான கற்பனை, பாட்டு முடிந்த பிறகும் சில்வண்டைத் தட்டவைக்கிறாளே என்று மெய்சிலிர்த்து, கண்களை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு, எதிரொலிக் குமிழை இன்னும் ஒரு கோடு கூட்டிவைத்தார். தட்டல் தாளம் தப்பியது. அதுவும் அழகாக இருந்தது. நின்றது. நாடா தீரும்வரை அந்த நிசப்தத்தையும் அவர் ரசித்தார்; அது தீர்ந்தபோதுதான் அவள் கணவர் திரும்பி வந்தார்.

அந்த நாடாச் சுருள் அலமாரியில், கடைசி வரிசையில், ஒரு பழைய தட்டின் அட்டைக்குள் இருக்கிறது. எரித்துவிடத்தான் முதலில் எண்ணினார். முடியவில்லை, அவள் குரல் என்பதால் மட்டுமல்ல. இத்தனை ஆண்டுகளில் அவர் கேட்ட ஆயிரத்துச் சொச்சம் தட்டுகளில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லை. ஒன்பது முறை தனியாகக் கேட்டிருக்கிறார். அதை நினைத்தால் தம் காதுகளைத் தாமே வெறுத்தார்.

*

புதன்கிழமை மாப்பிள்ளை, குட்டியின் கணவர், மருத்துவமனைக்கு வந்தார்; உறவாடுவதற்கல்ல, நோயாளியாக. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கிடாரைத் தொடவுமில்லை. கன்னம் ஒட்டி, ஒரு காதைச் சற்று முன்னே நீட்டியபடி பேசினார்.

"மச்சான், டாக்டர் பாத்துட்டார். நரம்பு போய்க்கிட்டே இருக்காம். ஆறு மாசமோ, ஏழு மாசமோ. அப்புறம் சுத்தமா கேட்காதாம்."

"எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல மாப்பிள்ளை?"

"சொன்னா உங்க தட்டுல ஒண்ணைக் கொடுத்து மூணு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம் கேளுன்னு சொல்வீங்க." சிரிக்க முயன்றார்.

சிற்றறைக்குள் அமரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தார் பரிசோதகர். மேசைமுன் அமர்ந்தார். எந்தப் பொத்தானையும் தொடவில்லை. தொடத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

பச்சை விளக்கு. மூன்று. இரண்டு. மூன்று. இரண்டு.

கண்ணாடிக்கு அப்பால் மாப்பிள்ளையின் முகம் நிமிர்ந்திருந்தது. நெடுநாள் பூட்டிய வீட்டின் ஜன்னலில் விளக்கைக் கண்டவர் முகம்போல. வெளியே வந்ததும் கேட்டார்: "எனக்கு என்ன போட்டீங்க? அவ பாட்டுத் தாளம் மாதிரி இருந்துச்சே."

பரிசோதகர் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளை வாசல்வரை போய், ஆண்டுதோறும் கேட்கும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "தாழ்ப்பாளைப் போட்டது நான். மருந்து என் பையில. அது போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ தட்டியிருப்பாளா மச்சான்?"

ஆண்டுதோறும் சொல்லும் பதில் ஒன்று இருந்தது: 'இல்ல மாப்பிள்ளை, ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்.' அந்தப் பதில் நாக்குவரை வந்தது. முதுகுக்குப் பின்னால், ஆளற்ற சிற்றறையின் கதவில், மிக மெதுவாக, நகத்தால் தட்டுவதுபோல ஓர் ஓசை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க வாங்க" என்றார் பரிசோதகர். "காது இருக்கும்போதே உங்ககிட்ட ஒண்ணைக் கொடுக்கணும்."

*

ஞாயிறு பிற்பகல் மருத்துவமனை அடங்கிக் கிடந்தது. துடைத்த தரையின் மருந்து வாடை; எங்கோ சொட்டும் குழாய்; மாடிப்படிகளில் மேலிருந்து இறங்கிவந்து பாதியில் களைத்துப்போன வெயில். பரிசோதகர் தம் பழைய நாடாப் பெட்டியைக் கருவியோடு இணைத்தார். மாப்பிள்ளையின் காதுக்கு வீட்டு ஒலிபெருக்கி போதாது. இந்தக் கருவியால்தான் தேவையான அளவு உயர்த்த முடியும். மேசையருகே இருந்தது ஒரே நாற்காலி, அவருடையது. அதில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, தாம் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளையின் நல்ல காதருகே குனிந்து, உரக்க, ஒன்றையும் விடாமல் சொன்னார். ரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் தண்டனையின் ஒரு பகுதியே என்று பட்டது.

மாப்பிள்ளை தம் கைகளைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனை நிமிஷம்?"

"பாட்டு ஏழு. அப்புறம்... பதினொண்ணு."

"பதினோரு நிமிஷமும் நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ரசிச்சுக்கிட்டு இருந்தேன் மாப்பிள்ளை. நல்லா இருக்குன்னு நினைச்சேன்."

"நான் இருபத்திரண்டு வருஷமா அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டே இருக்கேன், தெரியுமா? தினமும். கண்ணை மூடினாப் போதும்." நிமிர்ந்தார். அந்தக் கண்களில் கோபத்தைத் தேடினார் பரிசோதகர். கிடைத்தால் நிம்மதியாக இருக்கும். அங்கே களைப்பு மட்டுமே இருந்தது. "போடுங்க. அவ குரலைக் கேட்கணும்."

தம் ஹெட்ஃபோனை அவருக்கு மாட்டிவிட்டார். நாடா சுழன்றது. மாப்பிள்ளை கண்களை மூடிக்கொண்டார். சில நொடிகளில் அவர் உதடுகள் பாட்டின் சொற்களோடு அசையத் தொடங்கின.

அறையில் எந்த ஓசையும் இல்லை. பாட்டு ஒருவருக்கு மட்டும். பரிசோதகர் சுருள்களைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம். இரண்டு. சில்வண்டு இப்போது சங்கைக் கண்டிருக்கும். மூன்று நிமிடம். இப்போது உள்ளே போயிருக்கும். நாலு.

டொக் டொக் டொக்.

நாடாவில் தட்டல் வர இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. ஹெட்ஃபோனுக்கு வெளியே அது கேட்கவும் வழியில்லை.

டொக் டொக்.

கதவு. கனத்த கதவின் பலகை அதிர்ந்தது. அவர் கண்ணால் கண்டார். மாப்பிள்ளை அசையவில்லை. ஜன்னலுக்கு அப்பால் இருட்டு. உள்விளக்கை அவர் அணைத்ததாக நினைவில்லை.

டொக் டொக் டொக். டொக் டொக்.

ஓடிவந்து திறந்துவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஒரேயொரு முறை அவர் வரவில்லை. கதவை நோக்கி நடந்தார். கைப்பிடியைப் பற்றினார். இருபத்திரண்டு ஆண்டு தாமதமாக, கதவைத் திறந்தார்.

ஆளில்லை. முக்காலி, மைக், இருட்டில் கறுத்துத் துருத்திய பஞ்சு. ரப்பர் வாடை. அதற்கடியில், மெல்லிய கசப்பாக, இழுப்பு மருந்தின் வாடை.

"குட்டி" என்றார். "வா. அண்ணன் திறந்துட்டேன். வந்துடு."

ஓர் அடி உள்ளே வைத்தார். இன்னோர் அடி. முதுகுக்குப் பின்னால் கதவு பெருமூச்சுவிட்டுச் சாத்திக்கொண்டது. அதன்பின் ஓர் ஓசை. இரும்பு இரும்பின்மேல் வழுக்கி, குழிக்குள் விழும் ஓசை.

அங்கே தாழ்ப்பாள் இல்லை. நாலு துளைகள்தான்.

தள்ளினார். கதவு அசையவில்லை. தோளால் இடித்தார். மூச்சு முட்டியது. பஞ்சு அவர் குரலை வாயருகிலேயே விழுங்கியது. கண்ணாடியை நோக்கிப் பாய்ந்தார்.

வெளியே மேசை விளக்கின் மஞ்சள் வட்டம். அதற்குள் மாப்பிள்ளை. அந்தப் பக்கமிருந்து பார்க்கிறவருக்கு இந்த இருட்டு ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடிதான்; தம் முகத்தைத்தான் காண்பார். இந்தப் பக்கமிருந்தோ எல்லாம் தெரிந்தது. சுழலும் சுருள். மூடிய இமை. கன்னத்தில் வழியும் நீர். மெல்ல, மெல்ல ஆடும் தலை.

இதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

பதினோரு நிமிடம். இங்கே நின்று. அண்ணனை.

கதவுக்குத் திரும்பினார். தட்டினார். கை தானாகவே மூன்று தட்டியது. இரண்டு தட்டியது. மைக் அதை வாங்கியது. வெளியே மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. இமைகள் திறக்கவில்லை. பாட்டு முடிந்திருக்க வேண்டும். நாடா அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு எது நாடா, எது கதவு என்று தெரியாது. தெரிய வழியில்லை.

மீண்டும் கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தட்டல் நிற்கவில்லை.

அவருடைய இடுப்புயரத்தில், யாரோ கதவில் சாய்ந்து அமர்ந்தபடி தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மூச்சு அலையலையாக வந்து அவர் முழங்காலில் பட்டது. குளிர்ந்த மூச்சு.

இன்னும் ஒருமுறை கத்தலாம். கண்ணாடியை முக்காலியால் உடைக்கலாம். உடைத்தால் மாப்பிள்ளை ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவார். அவருக்கு மிஞ்சிய ஆறு மாதக் காதில், இந்தப் பதினோரு நிமிடமும் அவள் மூச்சு. பரிசோதகருக்கு ஒரேயடியாகக் களைப்பாக இருந்தது. ஓங்கிய கையை இறக்கினார். கதவில் சாய்ந்து, மெல்லச் சரிந்து, அவள் பக்கத்தில் தரையில் அமர்ந்தார்.

"அண்ணன் இருக்கேன்டா" என்றார். "இனிமே எங்கயும் போகல."

ஈரமான, சின்ன விரல்கள் இருட்டில் துழாவி வந்து, அவர் கையைக் கண்டுபிடித்து, இறுகப் பற்றி, கதவின்மேல் தூக்கி வைத்தன.

டொக் டொக் டொக்.

டொக் டொக்.

கண்ணாடிக்கு அப்பால், மஞ்சள் வட்டத்துக்குள், மூடிய கண்களோடு புன்னகைத்தபடி மாப்பிள்ளை கையை நீட்டி, ஒலியை இன்னும் ஒரு கோடு கூட்டிவைத்தார்.